எடுத்துடலாமா, வேணாமா

ஏசுபாதம் சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்டார்:
"எடுத்துடலாமாம்மா, வேணாமா?"

மூலையில் இளஞ்சிவப்பு வாஷ்பேசின்.
அயனாவரத்து இந்த ஃப்ளாட்டை எங்களுக்கு விற்ற பல் டாக்டர்
இந்த அறையில்தான் ஆட்களைக் கொப்பளிக்கச் சொல்வாராம்.
அவர் நாற்காலி போன இடத்தில் கட்டில் போட்டோம்.
இதை விட்டுவைத்தோம்.

சற்குணம் அளவு நாடாவோடு நிற்கிறார்.
இது போனால் இங்கே ஒரு மேசை வரும்.
மேசை வந்தால் மகனின் லேப்டாப்
சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கும்.
"யார் தங்குறாங்க இப்போ?
உன் தம்பி பையனே ஆப்புல ரூம் போட்டுக்கிட்டான்.
மத்தியானம் சாப்பிட வந்தான்,
ஹால்லதான் கை கழுவினான்."

வாஸ்தவம்தான்.
நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்கள்
விடியுமுன்னே நாக்கு வழித்துத் தொண்டையைக் காறி
மூன்றாவது மாடியையே எழுப்பிய காலம் முடிந்துவிட்டது.
போர் தண்ணீரின் உப்பு
குழாய் மூக்கில் தாடிபோல் வளர்ந்திருக்கிறது.
கண்ணாடி ஓரத்தில் ஒன்பது ஸ்டிக்கர் பொட்டுகள்,
யார் யாரோ ஒட்டிவிட்டுப் போனவை.
ஒன்றைக்கூட நான் உரித்ததில்லை.
ஆள் வராத மாதங்களில் சாக்கடை வாசம் ஏறும்,
அந்துருண்டை போட்டு வைப்பேன்.

"வாசம் ஏன் வருது தெரியுமா?"
ஏசுபாதம் தரையில் ஒருக்களித்து டார்ச் அடிக்கிறார்.
"இந்த வளைவுல எப்பவும் ஒரு டம்ளர் தண்ணி நிக்கணும்.
அதான் காவல்.
ஆள் புழங்கலைன்னா வத்திப்போயிடும்.
வத்திட்டா, கீழ இருக்கிறது மேல வரும்."

சற்குணத்திடம் நான் சொல்லாத ஒன்று உண்டு.

லாரி நான்கு நாளைக்கு ஒருமுறை வந்த கோடை.
மாடித் தொட்டியில் முழங்கால் அளவுதான் நீர்.
தூத்துக்குடி கிளையிலிருந்து செங்கமலம் வந்திருந்தாள்,
ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க.
வாங்கியதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே
எங்களோடு இட்லி சாப்பிட்டாள்.
பொடியில் எள் தூக்கலா இருக்கு, நல்லாருக்கு என்றாள்.
இரவு ஒன்றேகாலுக்கு இந்தக் குழாய் திறந்தது.
மூடவில்லை.

நான் படுத்தபடி குடம் எண்ணினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது நிரம்பும்போது எழுந்துபோய்
கதவைத் தட்டக் கை ஓங்கினேன்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில்
வேறொரு சத்தம் இருந்தது.

கையை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.
திரும்பிய பிறகும் எண்ணினேன்,
இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது,
ஏழு குடம்வரை.

காலையில் அவள்,
"தண்ணிய வீணாக்கிட்டேங்க்கா."
"எப்போ? எனக்கு ஒண்ணும் கேக்கலையே"
என்று காப்பியை ஆற்றினேன்,
ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஹாலைக் கடந்து,
டி.வி. முன்னால் தூங்கும் மாமனாரைக் கடந்து,
போய்க் கழுவிவிட்டு வரக்கூடிய முகமா அது?

செங்கமலம் இப்போது நன்றாக இருக்கிறாள்.
தினமும் காலை வணக்கத்துக்கு ரோஜாப் படம் அனுப்புகிறாள்.
சென்னை வந்தால்
அவளும் ரூம் போட்டுக்கொள்கிறாள்.

"சொல்லு," சற்குணத்தின் நாடா
சர்ரென்று கூட்டுக்குள் போகிறது.
"மடக்கு மேசை வாங்கலாம்," என்கிறேன்,
"இந்தப் பக்கச் சுவரில்."
அவர் என்னைப் பார்க்கிறார், பேசினைப் பார்க்கிறார்,
சண்டை போட நேரமிருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்க்கிறார்.

எடுக்கத்தானே கூலி பேசினோம்,
விட்டுவைக்க என்ன கேட்பது என்று
ஏசுபாதத்துக்குச் சிரிப்பு.
வாஷர் மாற்றி நூற்றைம்பது வாங்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை ராத்திரி
பாத்திரமெல்லாம் கவிழ்த்த பிறகு
விளக்குப் போடாமல் அந்த அறைக்குள் போய்
ஒரு சொம்பு ஊற்றுகிறேன்.
மளுக்கென்று ஒரு விழுங்கல்.
மீதி, வளைவில் நிற்கும்.